கேட்கப்படாத மௌனம்

சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் காலச்சுவடு வெளியீடாக வந்தபோது, நமது வட்டங்களில் அதைப் பற்றி எழுந்த பேச்சு பெரும்பாலும் ஓரிடத்தையே சுற்றிவந்தது. வீட்டுக்குள் இருக்க வேண்டியதை வெளியே சொல்லலாமா? தாக்கியவர்களும் தாங்கியவர்களும் இந்த ஒரு கேள்விக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாவலை முழுதாகப் படித்துவிட்டுச் சண்டை பிடித்தவர்கள் எத்தனை பேரோ, அது வேறு விஷயம். நானும் அப்போது பாதியில் மூடி வைத்தவன்தான். பாத்திரங்கள் அதிகம், யார் யாருக்கு என்ன உறவு என்பதே பிடிபடவில்லை என்று ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டேன்.

அதை நான் மீண்டும் எடுத்துப் படிக்க ஒரு யப்பானிய நாவல் காரணமாயிற்று. ஜுனிச்சிரோ தனிஸாகியின் 'ஸசமேயுகி'. ஸைடென்ஸ்டிக்கர் 1957இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்ததை வைத்தே படித்தேன். ஒஸாகாவில் ஒரு காலத்தில் செல்வாக்காக இருந்த வணிகக் குடும்பம். தகப்பன் மௌத்தாகிவிட்டார், வியாபாரம் கைமாறிவிட்டது, மிஞ்சியிருப்பது பெயர் மட்டுமே. நான்கு சகோதரிகள். மூத்தவர்கள் இருவரும் மணமானவர்கள். மூன்றாமவள் யுகிகோவுக்கு முப்பதாகியும் சம்பந்தம் அமையவில்லை. அவளுக்கு முடியாமல் கடைசித் தங்கை தாயெகோவுக்கு முடிக்க முடியாது. இவ்வளவுதான் கதை. 1936 முதல் 1941 வரை ஐந்து மாப்பிள்ளைகள் வந்துபோகிறார்கள். 1943இல் சஞ்சிகையில் தொடராக வரத் தொடங்கியதை, யுத்த காலத்துக்குப் பொருந்தாத கதை என்று இராணுவத் தணிக்கை நிறுத்தியது. பெண்கள் மாப்பிள்ளை பேசுவதில் ஓர் இராச்சியத்துக்கு என்ன பயமோ!

திகனையில் இருந்து இதைப் படிப்பவனுக்கு யப்பான் தூரமில்லை. முதல் மாப்பிள்ளையின் தாய்க்கு மனநோய் என்று விசாரணையில் தெரியவர, இவர்கள் மறுக்கிறார்கள். பிறகு ஓரிடத்தில் இவர்களே மறுக்கப்படுகிறார்கள். குடும்பம் இறங்கிவிட்டது என்று தனிஸாகி எங்கும் உரத்துச் சொல்லவில்லை, யார் யாரை மறுக்கிறார்கள் என்பதிலேயே அது தெரிந்துவிடுகிறது. எங்கள் வாப்பாவுக்குப் பழைய தெல்தெனியவில் கடை இருந்தது. விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டபோது அந்த நகரம் நீருக்குள் போயிற்று. திகனைக்கு வந்த பிறகு வாப்பாவுக்குப் பழைய வாடிக்கை அமையவேயில்லை. அதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்த சம்பந்தங்கள் வேறு, பின் வந்தவை வேறு என்று உம்மா சொல்வார். 2018 மார்ச்சில் எங்கள் பகுதிக் கடைகள் எரிக்கப்பட்டபோதும் இதையே கண்டேன். கடை எரிந்த வீடுகளில் பேசிவைத்த கல்யாணங்கள் தள்ளிப்போயின. காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

யுகிகோ பேசமாட்டாள். அந்த நாவலின் உயிர்நாடி இதுதான். பிடிக்கவில்லை என்றால் மௌனம், பிடித்திருந்தாலும் மௌனம். நல்லதொரு சம்பந்தம் ஒரு தொலைபேசி அழைப்பில் முறிந்துபோகிறது. உலாவப் போகலாமா என்று கேட்ட மனிதருக்கு அவளால் ஒழுங்காக ஒரு மறுமொழி சொல்ல முடியவில்லை, அவர் கோபித்துக்கொள்கிறார். ஆனால் இந்த மௌனத்தைப் படிக்கத் தெரிந்த ஒருத்தி அந்த வீட்டில் இருக்கிறாள். இரண்டாமவள் ஸச்சிகோ. தங்கை தலையைக் குனிந்தது எந்த விதமாக, பதில் எத்தனை நாள் தாமதித்தது என்பதையெல்லாம் அவள் கணக்கில் எடுக்கிறாள். அந்த வீட்டில் யுகிகோவிடம் கேட்கிறார்கள். கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். அதனால்தான் அவளுடைய மௌனத்துக்கு ஒரு பலம் இருக்கிறது.

கன்னிப் பெண்ணின் மௌனமே அவளது சம்மதம் என்ற நபிமொழி நம் எல்லோருக்கும் மனப்பாடம். அதே நபிமொழி அவளிடம் அனுமதி கேட்கப்பட வேண்டும் என்று தொடங்குவதை நாம் அவ்வளவாக ஞாபகத்தில் வைப்பதில்லை. கேட்ட பின் வரும் மௌனம் ஒன்று. கேட்காத வீட்டில் இருக்கும் மௌனம் இன்னொன்று. தன் விருப்பத்துக்கு மாறாகத் தகப்பன் முடித்துவைத்த நிகாஹை கன்ஸா பின்த் கிதாம் முறையிட்டபோது நபியவர்கள் ரத்துச் செய்த செய்தி புகாரியில் இருக்கிறது. அவர் முன்பு மணமானவர், கன்னிக்கு அது பொருந்தாது என்று மத்ஹப் நூல்களைக் காட்டி வாதிப்போர் உண்டு. அந்த வாதத்துக்குள் போக நான் ஆலிம் அல்லன். எனக்குத் தெரிந்தது காவின் கடதாசி. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் வகுத்த பதிவில் மாப்பிள்ளை ஒப்பமிடுவார், வலீ ஒப்பமிடுவார், மணப்பெண்ணுக்கென்று ஓர் இடம் வைக்கப்படவில்லை. நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் அமைந்த குழு 2018இல்தான் அறிக்கையைக் கையளித்தது.

இனி சல்மாவுக்கு வருகிறேன். அங்கேயும் சகோதரிகள் இருக்கிறார்கள். மூத்தவள் ஸொஹ்ரா வசதியான வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள், சிறுமி ராபியாவின் தாய். இளையவள் பிர்தவ்ஸ் அழகி. தனக்குச் சற்றும் பொருந்தாத ஒருவருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டு, முதலிரவிலேயே அவரோடு வாழமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தாய் வீடு திரும்புகிறாள். யுகிகோ ஐந்து வருடமாக வாய் திறக்காமல் சொன்னதை இவள் ஓர் இரவில் வாய் திறந்து சொல்கிறாள். ஆனால் நிகாஹ் முடிந்த பிறகு. அதற்கு முன் அவளிடம் கேட்டவர் எவருமில்லை. பின்னர் எதிர்வீட்டுச் சிவாவோடு ஏற்படும் உறவும், தாயே நஞ்சு கொடுக்கும் அந்த முடிவும் பற்றித்தான் நம்மவர்கள் அதிகம் கொதித்தார்கள். அவர்கள் முதலிரவிலேயே நின்று யோசித்திருக்க வேண்டும்.

யப்பானிய நாவலிலும் வாய் திறந்தவளுக்கே தண்டனை. தன் துணையைத் தானே தேடிய தாயெகோவின் குழந்தை இறந்து பிறக்கிறது, மௌனியான யுகிகோவுக்குப் பிரபு குல மாப்பிள்ளை கிடைக்கிறார். தனிஸாகியின் இந்த ஓரவஞ்சனையை நான் மன்னிக்கவில்லை. ஆயினும் அவள் கல்யாணத்துக்குப் போகும் ரயிலில் அவளுக்கு வயிற்றோட்டம் நிற்கவில்லை என்று கதையை முடிக்கிறாரே, அந்தக் குறும்பு பெரிய கலைஞனுடையது. சல்மாவிடம் அத்தகைய நிதானம் குறைவு. ஏராளமான பெண்களை ஒருசேர உள்ளே கொண்டுவந்து, ஒருத்தியின் துயரத்தில் நாம் ஊன்றுமுன் அடுத்தவளிடம் இழுத்துப்போகிறார். ஆனால் அவர் எழுதிய வீட்டில் நிதானம் எங்கே இருந்தது என்றும் கேட்கலாம்.

நான் பன்னிரண்டு வயதுப் பையனாக, எங்கள் சின்னத் தாத்தாவின் காவின் எழுதிய சபையில் வட்டிலப்பத் தட்டுச் சுமந்தவன். (தாத்தா என்று நாங்கள் மூத்த சகோதரியைத்தான் சொல்வோம். இந்தியாவிலுள்ள வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.) அதற்கு முந்திய இரவு பெரிய தாத்தா மட்டும் அவரிடம் விருப்பமா என்று கேட்டார். பதில் வரவில்லை. பெரிய தாத்தா குசினிக்குப் போய், "உம்மா, அவளுக்கு மனமில்ல" என்றார். "பேசாம இருக்காளே, அது சம்மதம்தானே" என்றார் உம்மா. பெரிய தாத்தா அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் தேங்காய் துருவத் தொடங்கிவிட்டார்.

சென்ற வருடம் சல்மாவின் நாவலைச் சின்னத் தாத்தாவுக்குக் கொடுத்தேன். கொடுக்கத் தயக்கமாகத்தான் இருந்தது. இரண்டு மாதம் வைத்திருந்து படித்தார். திருப்பித் தரும்போது நஞ்சைப் பற்றியோ எதிர்வீட்டானைப் பற்றியோ ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"தம்பி, அந்தப் புள்ளக்கித் தாத்தா ஒருத்தி இருந்தா தானே. கல்யாணத்துக்கு முந்தி அவ கேக்கல்லயா?"

இந்த நாவலைப் பற்றி நான் வாசித்த விமர்சனங்கள் எதிலும் இந்தக் கேள்வி இல்லை. ஸொஹ்ரா வரும் பக்கங்களை மட்டும் இப்போது மீண்டும் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.