மைனஸ், பிளஸ், ஒற்றை வரி

கவுண்டர்-ஸ்ட்ரைக் ஆடும் ஒருவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்று தெரிந்துகொள்ள, அவர் சுடுவதைப் பார்ப்பதற்கு முன் நான் பார்க்க விரும்பும் இடம் ஒன்று உண்டு. ஸ்டீம் லைப்ரரியில் அந்த கேமின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸுக்குள் போனால், 'லாஞ்ச் ஆப்ஷன்ஸ்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். கேம் எழும்போதே என்னென்ன நடக்க வேண்டும் என்று ஒரே வரியில் எழுதி வைக்கும் இடம் அது. நன்றாக எழுதப்பட்ட அந்த வரிக்கு ஓர் அழகு உண்டு.

அதன் இலக்கணம் எளிது. மைனஸ் குறியோடு தொடங்குபவை எஞ்சினுக்கு: திரை திறப்பதற்கு முன்பே அது படித்துக்கொள்ள வேண்டியவை. பிளஸ் குறியோடு வருபவை, நாம் கன்சோலில் கையால் அடிக்க வேண்டிய கட்டளைகள். கேம் எழுந்ததும் தானே அடித்துக்கொள்ளும். இந்த முறை 1996-ல் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட குவேக்கிலிருந்து வருகிறது. அதில் குவேக்.ஆர்சி என்று ஒரு குட்டி ஃபைல். கேம் எழும்போது எது எந்த வரிசையில் ஓட வேண்டும் என்று சொல்வது அது. முதலில் டிஃபால்ட்.சிஎஃப்ஜி, அடுத்து கான்ஃபிக்.சிஎஃப்ஜி, அடுத்து ஆட்டோஎக்ஸெக்.சிஎஃப்ஜி, அதற்கும் பிறகுதான் பிளஸ் போட்டு எழுதியவை. கேமைச் செய்தவர் வைத்தது, கேம் நினைவில் வைத்திருப்பது, ஆடுபவர் எழுதியது, இந்த முறைக்கு மட்டும் அவர் கேட்பது என்று நான்கு அடுக்கு. பின்னால் வருவது முன்னால் இருப்பதை மாற்றும். கடைசிச் சொல் ஆடுபவருடையது. எத்தனை மரியாதையான ஏற்பாடு!

குவேக் எஞ்சினிலிருந்துதான் வால்வ் 1998-ல் ஹாஃப்-லைஃபைச் செய்தது. அதன் மேல் மின் லீயும் ஜெஸ் கிளிஃபும் 1999-ல் கட்டிய மாட்தான் கவுண்டர்-ஸ்ட்ரைக். இலக்கணமும் கூடவே வந்துவிட்டது.

அந்த வரிக்கு உண்மையான வேலை இருந்தது கவுண்டர்-ஸ்ட்ரைக் 1.6 காலத்தில். அப்போது மேஜையில் இருந்தது கனமான சிஆர்டி மானிட்டர். விண்டோஸ் எக்ஸ்பியில் கேம் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸில்தான் திறக்கும். சிஆர்டியில் 60 என்றால் திரை கண்ணுக்குத் தெரிந்தே நடுங்கும். 'மைனஸ் ஃப்ரீக் 100' என்று எழுதினால் நடுக்கம் அடங்கிவிடும். 1.6 எஞ்சினின் வழக்கமான உச்சமும் விநாடிக்கு 100 ஃபிரேம். எஞ்சின் வரைவதும் மானிட்டர் காட்டுவதும் அப்படிக் கைகோத்துவிட்டால், சுவர் மூலையிலிருந்து தலை எட்டிப் பார்ப்பது வழுக்கிக்கொண்டு வந்ததுபோல் தெரியும். மவுஸுக்கு மூன்று சொற்கள்: நோஃபோர்ஸ்எம்ஆக்செல், நோஃபோர்ஸ்எம்பார்ம்ஸ், நோஃபோர்ஸ்எம்எஸ்பிடி. விண்டோஸில் நாம் வைத்த மவுஸ் அமைப்பை மீறி கேம் தன் இஷ்டத்துக்கு வேகத்தைத் திணிக்கும். இவை அதைத் தடுக்கும். விண்டோஸில் ஆக்ஸிலரேஷனை அணைத்துவிட்டு இந்த மூன்றையும் எழுதினால், மெதுவாக நகர்த்தினாலும் வெடுக்கென்று இழுத்தாலும் ஒரே தூரத்துக்கு ஒரே திருப்பம். கைப்பழக்கம் என்பது அதற்குப் பிறகுதான் உருவாக ஆரம்பிக்கும். பிரவுசிங் சென்டரில் யார் யாரோ ஆடிவிட்டுப் போன மெஷினில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த மூன்று சொற்களின் அருமை தெரியும்.

2012-ல் கவுண்டர்-ஸ்ட்ரைக்: குளோபல் அஃபென்சிவ் (சிஎஸ்கோ) வந்தபின் வரி நீண்டது. நீண்ட அளவுக்கு நல்லதாகவில்லை. 'மைனஸ் நோவிட்' அறிமுக வீடியோவைத் தாண்ட வைத்தது, சரி. ஆனால் 'மைனஸ் டிக்ரேட் 128'? வால்வின் சர்வர்கள் விநாடிக்கு 64 டிக்கில், அதாவது 64 முறை ஆட்டத்தைக் கணக்கிட்டு, ஓடின. அந்தச் சொல் நம் கணினியில் நாமே நடத்தும் சர்வரை மட்டுமே மாற்றியது. 128 டிக்கில் ஸ்மோக் குண்டு எறிந்து பழக அது தேவைப்பட்டது, மற்றபடி அலங்காரம். 'த்ரெட்ஸ்' என்று ஓர் எண்ணைப் போடுவதும் அப்படித்தான்: பிராசஸரின் த்ரெட்கள் எத்தனை வேண்டும் என்று எஞ்சினே பார்த்துக்கொள்ளும். பெரிய ஆட்டக்காரர் ஒருவரின் வரியை அப்படியே ஒட்டிக்கொள்வது அடுத்தவர் கண்ணாடியை மாட்டிக்கொள்வதைப் போல. அவர் மானிட்டரும் பிராசஸரும் நம்மிடம் இல்லை.

2023-ல் வந்த கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-வுக்கு (சிஎஸ்2) நான் ரசிக்கும் வரி மிகச் சிறியது: 'பிளஸ் எக்ஸெக் ஆட்டோஎக்ஸெக்'. மீதி எல்லாம் அந்த ஃபைலுக்குள் இருக்கட்டும். அங்கே வரிக்கு வரி இடம் உண்டு. இரண்டு சாய்கோடு போட்டுவிட்டு, இதை ஏன் வைத்தேன் என்று நமக்கே குறிப்பும் எழுதிக்கொள்ளலாம். சில நல்ல ஆட்டக்காரர்களின் ஆட்டோஎக்ஸெக் ஃபைல்களைப் படித்தால் ஒரு டைரியைப் படித்த நிறைவு வருகிறது. குதிப்பதையும் குண்டை விடுவதையும் ஒரே விசையில் கட்டிய ஜம்ப்த்ரோ பைண்ட் பலரிடம் இருந்தது. ஸ்மோக் ஒவ்வொரு முறையும் அதே ஜன்னலில் போய் விழ அது உதவியது. 2024 ஆகஸ்டில், ஒன்றுக்கு மேற்பட்ட அசைவு, தாக்குதல் கட்டளைகளை ஒரே விசையில் கட்டுவதை வால்வ் தன் சர்வர்களில் நிறுத்தியது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். நகர்வதும் நிற்பதும் கை செய்ய வேண்டிய வேலை.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற உச்சத்தை வைக்கும் 'எஃப்பிஎஸ்_மேக்ஸ்' கட்டளையை ஓர் எண்ணோடு ஆட்டோஎக்ஸெக்கில் எழுதியிருந்தால், கேம் எழுந்ததும் கன்சோலைத் திறந்து அதை மட்டும், எண் இல்லாமல், அடியுங்கள். இப்போது இருக்கும் மதிப்பை அது காட்டும். நீங்கள் எழுதிய எண் அங்கே இல்லையென்றால், ஃபைலை வேறு ஃபோல்டரில் போட்டிருக்கிறீர்கள், அல்லது பெயருக்குப் பின்னால் நோட்பேட் ஒரு டிஎக்ஸ்டியை ஒட்டியிருக்கிறது.