சுவையும் மதிப்பெண்ணும்: மால்ட் விஸ்கியை ஒப்பிட்டுச் சுவைக்கும் வழக்கம்

ஸ்காட்லாந்து மால்ட் விஸ்கியின் ஆர்வலர்கள் சிறு குழுக்களாகக் கூடி, தத்தமக்குப் பிடித்த புட்டிகளைப் பகிர்ந்து, அடுத்தடுத்துச் சுவைத்து, குறிப்பெழுதி ஒப்பிடும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வேரூன்றியது. முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு ஒரே வடிசாலையில் செம்புக் கலன்களில் வடிக்கப்படும் சிங்கிள் மால்ட், அதற்கு முன்னர் பெரும்பாலும் கலப்பு விஸ்கிக்கான உட்பொருளாகவே பயன்பட்டது. 1983இல் எடின்பரோவின் லீத் பகுதியில் தோன்றிய ஸ்காட்ச் மால்ட் விஸ்கி சங்கம், வடிசாலையின் பெயரை அச்சிடாமல், தனித்தனிப் பீப்பாய்களின் விஸ்கியைச் சுவைக் குறிப்புகளோடு உறுப்பினருக்கு அளித்தது. 1989இல் வெளிவந்த தம் மால்ட் விஸ்கிக் கையேட்டில் ஆங்கில எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் வழங்கினார். சொல்லால் ஒப்பிடுவதும் எண்ணால் ஒப்பிடுவதும் என இவ்வாறு கிளைத்த இரு வழிகளில், முதலாவதில் இவ்வழக்கத்தின் நிறைகளும் இரண்டாவதில் அதன் குறைகளும் பெரிதும் தங்கியுள்ளன.

தனியே அருந்துகையில் புலப்படாத வேறுபாடுகளைப் பிரித்துக் காட்டுவது ஒப்பீட்டின் முதல் பயன். ஸ்காட்ச் விஸ்கி 700 லிட்டருக்கு மிகாத ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் முதிர வேண்டும் என்பது சட்டம். இவ்வரம்புக்குள், அமெரிக்க போர்பன் இருந்த பீப்பாய் வனிலா, தேங்காய் மணங்களையும், ஷெர்ரி என்னும் ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாய் உலர்பழச் சாயலையும் தருவதை அருகருகே வைத்த இரு கோப்பைகள் தெளிவாக்கும். அவ்வாறே, பீட் எனப்படும் சதுப்புநில மட்குக்கரியின் புகையில் பார்லியை உலர்த்தும் ஐலா தீவின் லஃப்ராய்க் விஸ்கியை, அதே தீவின் பெரும்பாலும் புகையூட்டப்படாத புன்னஹாவனோடு ஒப்பிடுபவர், ஐலா என்றாலே புகைமணம் என்னும் பொதுக் கருத்தைத் திருத்திக்கொள்வர்.

இரண்டாவது பயன் சமூகம் சார்ந்தது. விலையுயர்ந்த புட்டியொன்றைப் பலர் பங்கிடும்போது ஒருவரால் வாங்க இயலாதது பலரது அனுபவமாகிறது. நிறத்துக்காகச் சேர்க்கப்படும் எரிசர்க்கரைச் சாயத்தையும், கலங்கலைத் தவிர்க்க விஸ்கியைக் குளிர்வித்து வடிகட்டுவதையும் ஆர்வலர்கள் தொடர்ந்து குறைகூறியது, அவை இல்லை என்று பல வடிசாலைகள் இன்று லேபிளில் அறிவிப்பதற்கு ஒரு காரணமாயிற்று. வயதைக் கொண்டே தரம் கணிக்கும் பழக்கத்தையும் ஒப்பீடு தளர்த்தியுள்ளது. ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு ஆவியாகும் விஸ்கி, பெங்களூரின் வெப்பத்தில் 10 விழுக்காடு அளவுக்கு ஆவியாவதோடு விரைந்தும் முதிர்கிறது. எனவே, 2004இல் கிளாஸ்கோவில் அறிமுகமான பெங்களூரின் அம்ருத் விஸ்கி, வயதெண்ணால் அன்றிச் சுவையாலேயே மதிப்பிடப்பட வேண்டியதாயிற்று.

எனினும் புலன்கள் எளிதில் வழிதவறக்கூடியவை. போர்டோ நகர ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், சிவப்புச் சாயமிட்ட வெள்ளை ஒயினைச் சுவைத்த மாணவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வருணித்தனர். சாயம் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட விஸ்கியிலும் அடர்நிறத்தை முதிர்ச்சியின் சான்றாகக் கொள்ளும் பிழை நேர்கிறது. சேர்க்கும் நீரும் சுவையை மாற்றுகிறது: ஆல்கஹாலின் செறிவு குறைகையில், புகைமணம் தரும் குவையகால் என்னும் சேர்மம் திரவத்தின் மேற்பரப்பை நாடுகிறது என்று 2017இல் சுவீடன் ஆய்வொன்று கணினி மாதிரியால் காட்டியது. சுவைத்த வரிசை, நீரின் அளவு, லேபிள் தெரிந்திருந்ததா, குழுவில் முதலில் பேசியவர் யார் ஆகியவற்றைப் பதியாத ஒப்பீடு, விஸ்கியைக் காட்டிலும் சூழலையே அளந்ததாகிவிடும்.

மதிப்பெண் இக்குறையைப் பெருக்குகிறது. ஏனெனில், நிபந்தனைகளையும் கருத்து வேற்றுமைகளையும் உதறிவிட்டு அது எண்ணாக மட்டும் பரவுகிறது. 2014இன் இறுதியில் விஸ்கி விமர்சகர் ஜிம் மரே தம் கையேட்டில் ஜப்பானின் யமசாகி ஷெர்ரி காஸ்க் 2013க்கு 97.5 மதிப்பெண் அளித்து உலகின் சிறந்த விஸ்கி என்று அறிவித்ததும், அது கடைகளிலிருந்து மறைந்து, மறுவிற்பனையில் பன்மடங்கு விலையேறியது. ஒருவரின் நாவுக்குத் தோன்றிய தீர்ப்பு பிறர் அதைச் சுவைத்துச் சோதிக்கும் வாய்ப்பையே இவ்வாறு குறைத்துவிடுகிறது; பகிர்வதற்கான புட்டி பதுக்குவதற்கான முதலீடாகிறது.

உடல்நலம் சார்ந்த குறையும் புறக்கணிக்கத்தக்கதன்று. பாதுகாப்பான மது அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்துள்ள நிலையில், ஒரே அமர்வில் பலவற்றை விழுங்கி ஒப்பிடுவதை ரசனை என்ற பெயர் நியாயப்படுத்தாது. கலப்பு விஸ்கியை உருவாக்கும் வல்லுநர்களே பெரும்பாலும் முகர்ந்துதான் முடிவெடுக்கின்றனர். ஆகவே முகர்வதும் உமிழ்வதும் ஒப்பீட்டின் கூர்மையைக் குறைப்பதில்லை.

லேபிளை மறைத்து, பேசுமுன் தனித்தனியே எழுதி, சுவைத்த நிபந்தனைகளைப் பதிந்து, உடன்பாட்டைப் போலவே முரண்பாட்டையும் காக்கும்போது இவ்வழக்கம் அறிவு தேடும் முயற்சியாகிறது. ஒருவர் புகையையும் மற்றொருவர் பழத்தையும் உணர்ந்தனர் என்ற குறிப்பு, இருவரது மதிப்பெண்களின் சராசரியைவிட அந்த விஸ்கியைப் பற்றி மிகுதியாக உணர்த்தும். அச்சராசரியைத் தேடி அவ்வேறுபாட்டை இழப்பது, ஒப்பீட்டின் நோக்கத்தையே இழப்பதாகும்.