சூட்கேஸ் செதுக்கிய பிள்ளையார்

எங்கள் டீமில் யாராவது ஆன்சைட் கிளம்பினால் கிஃப்ட் வாங்குகிற வேலை என் தலையில்தான் விழும். "நீதான சிற்பம், கோயில்னு எழுதிட்டு இருக்க, நீயே பார்த்து வாங்கிடேன்" என்பார்கள். திருநின்றவூரிலிருந்து மின்சார ரயில், அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் என்று மாமல்லபுரம் போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். மீதிப் பாதி பேரத்தில் போகும். அறுநூறு சொன்னதை இருநூற்றைம்பதுக்கு முடித்துவிட்டு, மறுநாள் ஆபீஸில் அதைப் பெருமையாகச் சொன்னவன் நான்.

அப்படி வாங்கிய ஒரு மாக்கல் பிள்ளையார், பயணமே ரத்தானதால், என்னிடமே தங்கிவிட்டார். நான்கு அங்குல உயரம். மானிட்டருக்குக் கீழே இரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தவரை, ஒருநாள் பில்ட் ஓடி முடிவதற்காகக் காத்திருந்தபோதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். துதிக்கை வயிற்றோடு ஒட்டியிருந்தது. அபயம் காட்டும் கை மார்போடு ஒட்டியிருந்தது, நடுவில் ஒரு தாள்கூட நுழையாது. காதுகள் தோளில் இழைந்திருந்தன. பின்னங்கைகள் இரண்டும் தலைக்குப் பின்னால் விட்டிருந்த கல்லை விட்டு வெளியே வரவே இல்லை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற எதுவும் அந்த உருவத்தில் கிடையாது. கிட்டத்தட்ட ஒரு முட்டை.

செதுக்கியவருக்குக் கை வரவில்லை என்றுதான் நினைத்தேன். அடுத்தமுறை போனபோது ஐந்து ரதம் போகிற வழியில் ஒரு பட்டறையில் நின்று கேட்டேன். கைக்குட்டையை மூக்கின் மேல் கட்டியிருந்தவர் அதை இறக்கிவிட்டுச் சொன்னார்: "நீட்டி வச்சா உடையும் சார். நீங்க பொட்டில போட்டு அமுக்குவீங்க. உடைஞ்சா கடைக்காரரைத் திட்டுவீங்க, அவரு என்னைத் திட்டுவாரு. ஒட்டி வச்சிட்டா யாருக்கும் தொல்லை இல்ல."

அவர் பக்கத்திலேயே ஆளுயரக் கருங்கல் அம்மன் ஒன்று பாதி வேலையில் நின்றிருந்தது. ஏதோ ஊர்க் கோயிலுக்காம். விரல்கள் தனித்தனியாக, நகம்வரை. இரண்டுமே அவர் செய்ததுதான்.

பயணக் கட்டுரைகளில் நினைவுப்பொருள் பற்றி வருவதெல்லாம் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் வருகிறது: இது அசலா, போலியா? பிசினில் வார்த்ததை வாங்காதே, கையால் செதுக்கியதை வாங்கு. நியாயமான அறிவுரைதான். ஆனால் என் பிள்ளையார் அசல். மாமல்லபுரத்தில், உளியால், அந்த வேலையைக் கற்ற ஒருவர் செதுக்கியவர். 2017இல் மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தக் குடும்பத்தில் ஒருவர் என்றே சொல்லலாம். அப்படியும் அவருடைய கையை மடக்கியது என் சூட்கேஸ். அசலா போலியா என்ற கேள்வி இதைப் பார்க்கவே விடுவதில்லை.

சின்னதாக்குவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. நம் சிற்ப மரபின் அளவு முறை அங்குலக் கணக்கல்ல, விகிதக் கணக்கு. முகத்தின் நீளம் ஒரு தாளம், நவதாளம் என்றால் உருவம் ஒன்பது முகம் உயரம், பிள்ளையாருக்கு ஐந்து. என் தொழில் மொழியில் சொன்னால் வெக்டர் கிராஃபிக்ஸ், எந்த அளவுக்கு வேண்டுமானாலும் இழுக்கலாம், சுருக்கலாம். கல்லின் வலு மட்டும் அப்படிச் சுருங்குவதில்லை. அதனால்தான் பெரிய கற்சிலைகளிலும் செப்புத் திருமேனிகளின் தாராளம் இருப்பதில்லை. அங்கேயும் கைகளுக்குக் கல் முட்டுக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே சிற்பி கல்லோடு பேசி ஒரு முடிவுக்கு வருகிறார். இங்கே அவர் விமான நிலைய பேகேஜ் பெல்ட்டோடு பேசுகிறார்.

இன்னொரு உதாரணம். அர்ச்சுனன் தபசு புடைப்புச் சிற்பம் கிட்டத்தட்ட முப்பது மீட்டர் நீளம். அதில் எனக்குப் பிடித்தது, தவம் செய்கிற பூனையும் அதைச் சுற்றி நிற்கிற எலிகளும். அவ்வளவு பெரிய பக்திக் காட்சியின் ஓரத்தில், யானையின் காலடியில் ஒரு கிண்டல். கடையில் வாங்கிய ஒன்பது அங்குலப் பலகையில் யானைகள் இருந்தன, தவசி இருந்தார், பூனையைக் காணோம். இருக்கிற இடத்துக்கு எது முக்கியம் என்று ஒருவர் முடிவு செய்ததில் முதலில் போனது நகைச்சுவை.

"பல்லவர் காலத்துலேருந்து வர்ற கலை சார்" என்று எல்லாக் கடையிலும் சொல்வார்கள். இன்றைய பட்டறைகளில் பலவற்றின் வேர் அவ்வளவு தூரம் போகாது. 1957இல் அரசு அங்கே தொடங்கிய சிற்பப் பயிற்சி மையம்தான் பின்னால் கல்லூரியாக வளர்ந்தது. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவரை எழுப்பிய கணபதி ஸ்தபதி அதன் முதல்வராக இருந்தவர். இதைக் கேட்டு ஏமாந்ததாக நினைக்க ஒன்றுமில்லை. எனக்கென்னவோ, ஒரு கலையை ஏட்டிலிருந்தும் ஸ்தபதிகளின் கையிலிருந்தும் எடுத்து வகுப்பறையில் வைத்து மறுபடி தெருவுக்குக் கொண்டுவந்தது, ஆயிரத்து முந்நூறு வருடம் தானாக ஓடிவந்தது என்பதைவிடப் பெரிய சாதனையாகப் படுகிறது.

சூசன் ஸ்டூவர்ட் 1984இல் வெளிவந்த 'ஆன் லாங்கிங்' நூலில், நினைவுப்பொருள் எப்போதும் முழுமையற்றது, வைத்திருப்பவர் சொல்லும் கதைதான் அதை நிரப்புகிறது என்ற பொருளில் எழுதுகிறார். நல்ல கவனிப்பு. ஆனால் அவருடைய பார்வை பெரும்பாலும் வாங்குபவர் பக்கமே. செய்பவர் பக்கம் போனால் படம் மாறுகிறது. கனடாவின் இனூயிட் மக்கள் ஒருகாலத்தில் தந்தத்தில் செதுக்கியவை பெரும்பாலும் உள்ளங்கையில் அடங்குபவை; ஊர் ஊராக நகர்கிறவர்களுக்கு அதுதான் தோது. 1948க்குப் பிறகு ஜேம்ஸ் ஹூஸ்டன் என்ற ஓவியர் வழியாகத் தெற்கு நகரங்களின் சந்தை திறந்ததும், மாக்கல்லில் சிற்பங்கள் பெரிதாயின, வீட்டு அலமாரிகளுக்கு ஏற்ப. இங்கே சந்தை சுருக்கியது, அங்கே பெரிதாக்கியது. இரண்டு இடத்திலும் அளவு நாடா வாங்குபவர் கையில்.

எங்கள் ஊரில் இந்தச் சிக்கலே இல்லை. திருநின்றவூரிலிருந்து நினைவாக வாங்கிப்போக ஒன்றும் கிடையாது, கோயில் வாசல் குங்குமத்தைத் தவிர. ஆனால் பூசலார் எங்கள் ஊர்க்காரர். கையில் காசில்லாமல் மனதிலேயே சிவனுக்குக் கோயில் கட்டியவர். காஞ்சியில் கற்றளி எழுப்பிய பல்லவ மன்னன் குடமுழுக்குக்குக் குறித்த அதே நாளில் பூசலாரும் குறித்துவிட, சிவன் கனவில் வந்து "நீ நாளை மாற்றிக்கொள்" என்று மன்னனிடம் சொல்கிறார். மன்னன் திருநின்றவூர் வந்து கோயிலைத் தேடுகிறான், இல்லை. எங்கள் ஊருக்கு வந்து பார்க்க ஒன்றுமில்லாமல் நின்ற முதல் டூரிஸ்ட் அவன்தான் போல. ஆய்வாளர்கள் அவனை ராஜசிம்மன் என்கிறார்கள். கடைகளில் சாவிக்கொத்தாகத் தொங்கும் கடற்கரைக் கோயிலும் அவன் கட்டியதுதான்.

இதிலிருந்து "மனசுதான் முக்கியம், பொருள் எதற்கு" என்று போவது சுலபம். நான் போக மாட்டேன். எல்லோரும் பூசலாராகிவிட்டால் அந்தப் பட்டறைக்காரர் என்ன சாப்பிடுவார்? தவிர, பெரிய புராணத்தில் சேக்கிழாரின் பூசலார் கண்ணை மூடியதும் கோயில் முளைத்துவிடவில்லை. மனதிலேயே பொருள் தேடுகிறார், தச்சர்களைச் சேர்க்கிறார், முறைப்படி அடித்தளம் போடுகிறார், இரவும் தூங்காமல் விமானத்தை முடிக்கிறார், மதில் எழுப்பி, கிணறும் குளமும் வெட்டுகிறார். செலவில்லாத கற்பனையில்கூட ஒரு வேலையையும் விட்டுவிடவில்லை. இருநூற்றைம்பதுக்கு முடித்தபோது, அதில் அந்தச் சிற்பிக்கு எவ்வளவு போகும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆபீஸில் சொல்ல கதை இருந்திருக்காது.

போன தை மாதம் அதே பட்டறைக்குப் போய், "அண்ணே, துதிக்கையும் கையும் ஒட்டாம ஒண்ணு பண்ணித் தருவீங்களா?" என்றேன். சிரித்தார். மூன்று வாரம் கழித்துப் போனபோது, ஆயிரத்து இருநூறு என்றார். கொடுத்தேன். உள்ளங்கைக்கும் மார்புக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. "பொட்டில போடாதீங்க. மடியில வச்சுக்குங்க, கொழந்தை மாதிரி."

மடியில்தான் வைத்திருந்தேன். நெமிலிச்சேரி தாண்டும்போது இறங்க எழுந்தேன், பின்னால் நின்றவரின் பை இடித்தது. எள் அளவு விரல்நுனி. அத்தனை கால்களுக்கு நடுவே அதைத் தேடி எடுத்துக் கொடுத்தது ஒரு பூக்காரம்மா. அவருக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேன்.

"அதான் அப்பவே சொன்னனே சார். ஃபெவிக்விக் போடுங்க, ஒண்ணும் தெரியாது."

போட்டேன். கிட்டப்போய்ப் பார்த்தால் தெரிகிறது.