படை நடப்பின் கணக்கு: ஆனந்தரங்கப்பிள்ளையை எடைபோடுதல்

படை புறப்படுவதைத் தமிழ் நன்றாகவே பாடியிருக்கிறது. கலிங்கத்துப்பரணியில் கருணாகரத் தொண்டைமானின் சேனை ஆறு ஆறாகக் கடந்து வடக்கே போகிறது. சந்தமே அதன் நடையாகிறது. அந்தச் சேனைக்குச் சுமை தூக்கியவர் யார், செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பன பரணியின் எல்லைக்குள் வருவதில்லை. அந்த இடத்தை உரைநடையில் நிரப்பியவர் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிக முகவருமாக, இருந்த ஆனந்தரங்கப்பிள்ளை (1709–1761). 1736இல் தொடங்கிய அவரது நாட்குறிப்பு போர் வரலாறாக எவ்வளவு தேறும் என்பதே நம் கேள்வி.

இதற்குப் பொருத்தமான அளவுகோல் அன்னா கொம்னேனா. முதலாம் சிலுவைப்போர்ப் படைகள் 1096–97இல் கான்ஸ்டாண்டினோப்பிளில் வந்து குவிந்தபோது அவர் சிறுமி. பல பத்தாண்டுகள் கழித்து, தந்தையான பைசாந்தியப் பேரரசர் அலெக்சியோஸின் புகழ் நோக்கி அந்த வருகையை எழுதினார். மேற்கிலிருந்து வந்த படையை வாசலில் நின்று பார்த்தவர்கள் என்பதில் இருவரும் ஒன்று. அன்னாவிடம் கட்டுக்கோப்பு உண்டு, உடனடித்தன்மை இல்லை. பிள்ளையிடம் உடனடித்தன்மை உண்டு, கட்டுக்கோப்பு இல்லை.

பிள்ளையின் முறை எளிது. தமிழ் வருடம், மாதம், கிழமை குறித்து, அன்று கண்டதையும் கேட்டதையும் பேச்சுத் தமிழில் எழுதுகிறார். முடிவு தெரியாத நிலையில் எழுதப்படுவதால், 1746இல் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லபூர்தொனே ஆங்கிலேயரின் மதராஸைப் பிடித்ததும், புதுச்சேரி ஆளுநர் டூப்ளேயோடு முரண்பட்டதும் வளர்ந்த வேகத்திலேயே நமக்குக் கிடைக்கின்றன. 1748இல் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்ட வேளையில் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதை அவர் விரிவாகப் பதிகிறார். பாதிரிகளின் முனைப்பையும் டூப்ளேயின் மனைவியின் பங்கையும் மறைக்கவில்லை. எசமானுக்கு வேண்டியவராக இருந்தும் இதை எழுதியது அவரது நேர்மைக்கு வலுவான சான்று.

காரணங்களைக் காட்டுவதில்தான் நாட்குறிப்பின் சிறப்பு உச்சம் பெறுகிறது. 1758இல் வந்த பிரெஞ்சுத் தளபதி லாலி, கையில் பணமில்லாமல், பழைய கடன்பத்திரம் ஒன்றை வசூலிக்கத் தஞ்சை மீது போனார். உணவும் வெடிமருந்தும் தட்டுப்பாடாகி ஆகஸ்டில் திரும்பினார். இதேபோல, வெனிசுக்குப் பட்ட கடன் நான்காம் சிலுவைப்போரைத் திசைதிருப்பி, 1204இல் கான்ஸ்டாண்டினோப்பிளைச் சூறையாடுவதில் கொண்டுபோய் விட்டது. நோக்கம் எவ்வளவு பெரிதானாலும், பணமும் தானியமும் இல்லாத படை தன் வழியைத் தானே தேர்ந்துகொள்வதில்லை. வணிகரான பிள்ளை இதைப் போர்க்களத்தில் தேடவில்லை. நகரத்தாரிடம் பணம் கேட்டு நெருக்கிய நாட்களில் கண்டார்.

குறைகளும் சிறியவை அல்ல. வதந்தியும் நேரடிச் செய்தியும் ஒரே எடையில் நிற்கின்றன. வெற்றி தோல்விக்குக் கிரகபலன் அடிக்கடி காரணமாகிறது. டூப்ளேயைப் புகழும்போது பேனா தளர்கிறது. 1756இல் பதவி போன பிறகு கசப்பு பார்வையைக் குறுக்குகிறது. துணி வணிகத்தில் ஊறியவருக்கு நெசவாளர் முதலில் சரக்கு தருபவர். நகருக்கு வடக்கே முத்தியால்பேட்டை போன்ற தறி ஊர்களின் வீட்டுக்குள் போர் என்ன செய்தது என்பதை அவர் பக்கங்களைக் கொண்டு முழுதாக எழுத முடியாது. உள்ளூர்ப் பெரியவர்களின் குரல் உரக்கக் கேட்கும் இடத்தில் கூலியாளின் குரல் மெலிகிறது.

இக்குறைகளில் முதல் நான்கும் வாசகர் கவனத்தால் திருத்தக்கவை. கடைசிக் குறையைத் திருத்த வேறு ஆவணங்கள் வேண்டும். ஆயினும் படையின் பின்னாலிருந்த பணம், சரக்கு, பகை, வதந்தி ஆகியவற்றைத் தமிழில் இவ்வளவு நெருக்கமாகப் பதிந்த அக்காலத்து நூல் வேறில்லை. அவர் 1761 ஜனவரியில் இறந்தார். அதே மாதம் நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. சாட்சியாக ஆனந்தரங்கப்பிள்ளை முதல் தரம்; நீதிபதியாக இரண்டாம் தரம். வரலாறு எழுதுவோர் அவரிடமிருந்து சாட்சியத்தை எடுத்துக்கொள்ளட்டும், தீர்ப்பைத் தாங்களே வழங்கட்டும்.