பாட்டுக்கு வாசல் திறந்தது, பாடியவனுக்கு?

இசைக்குச் சாதி கிடையாது, நிறம் கிடையாது என்று யாராவது பேச ஆரம்பித்தால் அடுத்து என்ன வரும் என்று நமக்குத் தெரியும். பழசையெல்லாம் மறந்துடுங்க என்பார்கள். ரே சார்லஸ் 1962-இல் வெளியிட்ட ‘மாடர்ன் சவுண்ட்ஸ் இன் கண்ட்ரி அண்ட் வெஸ்டர்ன் மியூசிக்’ என்ற இசைத்தட்டைப் பற்றியும் இப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கறுப்பர், வெள்ளையரின் கண்ட்ரி பாடல்களை எடுத்து, ஜாஸ் வாத்தியக் குழுவும் வயலின்களும் சேர்த்து வழவழவென்று பாடினார், அமெரிக்காவே மயங்கியது, நிறச்சுவர் இடிந்தது. கதை இவ்வளவுதான். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் முதல் வாக்கியத்திலேயே பொய் இருக்கிறது.

வெள்ளையரின் பாடல்கள் என்று யார் சொன்னது? கண்ட்ரி இசையின் அடையாளமாகக் காட்டப்படும் பாஞ்சோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்டவர்களின் வாத்திய மரபில் பிறந்தது. கண்ட்ரியின் பெருங்கவி என்று கொண்டாடப்படும் ஹாங்க் வில்லியம்ஸுக்கு அலபாமாவில் கிதார் கற்றுக்கொடுத்தவர் ரூஃபஸ் பேய்ன் என்ற கறுப்புத் தெருப்பாடகர். கார்ட்டர் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டர் மலைக்கிராமங்களில் பாட்டுச் சேகரிக்கப் போனபோது கூடவே நடந்து, மெட்டுகளை மனசில் ஏற்றிக்கொண்டு வந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பர். கார்ட்டர் குடும்பத்தின் பெயரைத் தட்டுகளில் அச்சடித்தார்கள். ரிடிலின் பெயர் அதில் வரவில்லை.

1920-களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் ஒரு வேலை செய்தன. தென்மாநிலங்களின் ஏழைகள் பாடியதை இரண்டு பெட்டியாகப் பிரித்தன. கறுப்பர் பாடினால் ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’. வெள்ளையர் பாடினால் ‘ஹில்பில்லி’. ஒரே மெட்டை இரண்டு பேர் பாடினாலும் பெட்டி வேறு. 1949-இல் பில்போர்ட் பத்திரிகை பெயர்களைக் கொஞ்சம் மரியாதையாக மாற்றியது. ஒன்று ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’, இன்னொன்று ‘கண்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்’. பெயர் மாறியது, பிரிவினை அப்படியே இருந்தது. நம்ம ஊரில் தெருப்பெயரை மாற்றிவிட்டு தெருவை அப்படியே விட்டுவைப்பார்களே, அதுபோல.

நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது நாட்டுப்புறவியல் ஒரு தாளாக இருந்தது. தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு எல்லாம் ‘மக்கள் இலக்கியம்’ என்று ஒரே மூச்சில் முடிந்துவிடும். எந்த மக்கள்? நடவுப் பாட்டு பாடியவள் யார், வரப்பில் குடையோடு நின்று கேட்டவன் யார்? தேர்வில் அந்தக் கேள்வி வந்ததே இல்லை. ‘நாட்டுப்புறம்’ என்ற சொல்லே ஊரையும் சேரியையும் ஒரே துணியாக இஸ்திரி போட்டுவிடுகிறது. ‘கண்ட்ரி’ என்ற சொல்லும் அமெரிக்காவில் அதே வேலையைத்தான் செய்தது. அதனால்தான் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் நடந்த இந்தச் சங்கதி எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. 1972-இல் பம்பாயில் தலித் பாந்தர்கள் தங்கள் பெயரைக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து கறுப்பர்களின் கவிதையை, அரசியலை, தன்வரலாற்றை வாசித்துவருகிறோம். அவர்கள் பாட்டைத்தான் அதே கவனத்தோடு கேட்கவில்லை.

கண்ட்ரி பாட்டை வழவழப்பாக்கியதில் ரே சார்லஸ் முதல் ஆள் இல்லை. ஹாங்க் வில்லியம்ஸின் ‘கோல்ட், கோல்ட் ஹார்ட்’ பாட்டை 1951-இலேயே டோனி பென்னட் வயலின் குழுவோடு பாடி முதலிடம் பிடித்தார். மூக்கால் இழுக்கும் பட்டிக்காட்டுக் குரல் போய், கோட்டு சூட்டுப் போட்ட நகரத்துக் குரல் வந்தது. நாஷ்வில் ஸ்டூடியோக்களே 1950-களின் கடைசியில் ஃபிடிலையும் ஸ்டீல் கிதாரையும் பின்னுக்குத் தள்ளி, வயலின் வரிசையையும் கூட்டுக்குரலையும் முன்னே கொண்டுவந்தன. 2002-இல் நோரா ஜோன்ஸ் அதே ‘கோல்ட், கோல்ட் ஹார்ட்’ பாட்டை ஜாஸ் சாயலில் மெதுவாகப் பாடினார். அழகான குரல், மறுக்கவில்லை. இன்றைக்கு இந்தப் பாணி காபிக் கடையில் பேச்சுக்குத் தொந்தரவு இல்லாமல் ஒலிக்கிற பாணி. பென்னட்டிலிருந்து ஜோன்ஸ் வரை பாட்டு ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் வியர்வை துடைக்கப்பட்டது. ரூஃபஸ் பேய்ன் 1939-இல் வறுமையில் செத்தவர். அவர் கை இந்தப் பாட்டுகளில் எங்கே இருக்கிறது என்று எந்தக் காபிக் கடையும் கேட்காது.

அப்படியென்றால் ரே சார்லஸும் அதைத்தானே செய்தார்? அங்கேதான் நான் வேறுபடுகிறேன். யார் கையில் இஸ்திரிப்பெட்டி இருக்கிறது என்று பார்க்காமல் வழவழப்பைப் பற்றி மட்டும் பேச முடியாது.

துணி வெளுத்துப் பிழைத்த தாயின் மகன் அவர். ஃப்ளோரிடாவின் கிரீன்வில்லில் வளர்ந்தவர். ஏழு வயதில் பார்வை போனது. சனிக்கிழமை ரேடியோவில் ‘கிராண்ட் ஓலே ஓப்ரி’ கேட்டு வளர்ந்த பையன். இளைஞனாக டாம்பாவில் ஒரு வெள்ளையர் ஹில்பில்லிக் குழுவில் பியானோ வாசித்தார். ஆக, வெளியிலிருந்து வந்து அடுத்தவர் பாட்டில் கைவைத்தவர் இல்லை, தன் குழந்தைப் பருவத்தைத் திரும்ப எடுத்தவர். 1959-இல் ஏபிசி-பாரமவுண்ட் கம்பெனியில் சேர்ந்தபோது தன் மூலப்பதிவுகளின் உரிமை தனக்கே வரவேண்டும் என்று ஒப்பந்தம் போட்டார். அந்தக் காலத்தில் வெள்ளைப் பாடகர்களுக்கே எளிதில் கிடைக்காத உரிமை அது. கண்ட்ரி பாடினால் ரசிகர்கள் ஓடிவிடுவார்கள் என்று கம்பெனிக்காரர்கள் பயந்தார்கள். அவர் கேட்கவில்லை.

இனி பாட்டைக் கேட்போம். டான் கிப்சன் எழுதி 1958-இல் பாடிய ‘ஐ கான்ட் ஸ்டாப் லவிங் யூ’ தாளத்தின் மேல் நேராக நடந்து போகும் பாட்டு. ரே சார்லஸ் அதை நிதானமாக்கினார். சுத்தமாகத் தேய்த்த கூட்டுக்குரல் முதலில் தலைப்புச் சொற்களைப் பாடிவிடுகிறது. அவர் ஒரு கணம் தாமதித்து, தாளத்துக்குப் பின்னால் நுழைகிறார். சுரத்தை வளைக்கிறார், உடைக்கிறார், மூச்சு தெரியப் பாடுகிறார். கறுப்பர் தேவாலயத்தில் போதகர் அழைக்க, சபை பதில் சொல்லும். இங்கே சபை முந்திக்கொள்கிறது, போதகர் பதில் சொல்கிறார். கூட்டுக்குரல் எவ்வளவு வழவழப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அவர் குரலின் சொரசொரப்பு காதில் உரசுகிறது.

மார்ட்டி பெய்ச் வயலின் அமைத்த ‘பார்ன் டு லூஸ்’ பாட்டு, பிறப்பிலேயே தோற்றவனைப் பற்றியது. 1940-களில் டெட் டாஃபன் குழு வெளியிட்டபோது அது காதலில் தோற்ற வெள்ளைக்காரனின் புலம்பல். 1962-இல் ஒரு கறுப்பர் வாயில் ‘பிறப்பிலேயே’ என்ற சொல்லுக்குக் காதலோடு முடிகிற அர்த்தம் இல்லை. அந்தச் சொல்லின் கனம் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘யூ டோன்ட் நோ மீ’ பாட்டும் அப்படித்தான். கைகுலுக்கிவிட்டுப் போகும் ஒருத்திக்கு எதிரில் நிற்பவனின் உள்ளம் தெரியாது. அதை ரே சார்லஸ் பாடும்போது அந்த ஒருத்தி ஒரு தேசமாகிவிடுகிறாள். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. பாடுகிற உடம்பு மாறியது, பாட்டும் மாறியது.

தோழர்கள் சிலர் கேட்பதுண்டு: இந்த வயலின் சர்க்கரைப்பாகு எல்லாம் சந்தைக்குச் செய்த சமரசம்தானே? சில பாட்டுகளில் பாகு அதிகம்தான். கூட்டுக்குரல் அவரை மூடிவிடுகிற இடங்களில் எனக்கும் எரிச்சல் வருகிறது. ஜெரால்ட் வில்சன், கில் ஃபுல்லர் அமைத்த பித்தளை வாத்தியப் பாட்டுகளில்தான் அவர் தாராளமாக மூச்சு விடுகிறார். ஆனால் ஒடுக்கப்பட்டவன் என்றால் எப்போதும் கரடுமுரடாகத்தான் பாடணும், அதுதான் ‘அசல்’ என்கிறார்களே, அது யாருடைய ஆசை? பட்டு வயலினும் எனக்கு வேணும் என்று ஒருவன் கேட்பதில் அரசியல் இல்லையா?

அவரைச் சிலையாக்கவும் எனக்கு ஆசையில்லை. 1961-இல் ஜார்ஜியாவின் அகஸ்டாவில் கறுப்பர்களைத் தனியே ஒதுக்கிவைக்கிறார்கள் என்று தெரிந்ததும் நிகழ்ச்சியை மறுத்து, பிறகு அபராதம் கட்டியவர் அவர். அதே மனிதர் 1981-இல், கலாச்சாரப் புறக்கணிப்பை மீறி, நிறவெறித் தென்னாப்பிரிக்காவில் பாடப்போனார். இரண்டையும் சேர்த்தே எழுதவேண்டும்.

இப்போது சுவர் இடிந்த கதைக்கு வருவோம். ‘ஐ கான்ட் ஸ்டாப் லவிங் யூ’ பில்போர்டின் பொதுப்பட்டியலில் ஐந்து வாரம் முதலிடம். ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலிலும் முதலிடம். கண்ட்ரி பட்டியலில்? இடமே இல்லை. கண்ட்ரி பாட்டு, கண்ட்ரி என்று தலைப்பிலேயே எழுதியிருக்கிறது, வயலினும் கூட்டுக்குரலும் நாஷ்வில் பாணியில் இருக்கின்றன. கிராமி விருது கொடுத்தார்கள், ரிதம் அண்ட் ப்ளூஸ் பிரிவில். காதால் கேட்டவர்கள் அப்படி வகைப்படுத்த முடியாது, கண்ணால் பார்த்துத்தான் வகைப்படுத்தியிருக்கிறார்கள். கண்ட்ரி இசைப் புகழரங்கத்தில் அவரைச் சேர்த்தது 2021-இல். தட்டு வந்து 59 வருசம், அவர் செத்து 17 வருசம் கழித்து. 2019-இல் லில் நாஸ் எக்ஸின் ‘ஓல்ட் டவுன் ரோட்’ பாட்டைப் போதுமான கண்ட்ரி அம்சம் இல்லையென்று அதே பில்போர்ட் பட்டியலிலிருந்து எடுத்தது. 2025-இல் பியோன்சேயின் ‘கவ்பாய் கார்ட்டர்’ சிறந்த கண்ட்ரி ஆல்பத்துக்கான கிராமி வாங்கியபோதும், இது கண்ட்ரியா என்ற கேள்வி ஓயவில்லை.

2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவை ராக், ராப்போடு சேர்த்துப் பாடியது. சாவு வீட்டுத் திண்ணையில் பாடியவர்கள் வரிசையாகக் கோட்டு போட்டு நின்றார்கள். கானாவை ‘நாகரிகப்படுத்த’ நாளைக்கு இன்னும் பலர் வருவார்கள். ஜாஸ் பியானோவோடும் வரலாம், சபா வயலினோடும் வரலாம். வரட்டும். ரசிப்பதற்கு முன்னால் நாம் கேட்கவேண்டியது நாலு கேள்வி. பாட்டைக் கொடுத்தவர் பெயர் எங்கே? பதிவின் உரிமை யார் கையில்? காசு எந்த வீட்டுக்குப் போகிறது? பாடியவரை எந்தப் பட்டியலில் வைத்திருக்கிறீர்கள்? பதில் வந்த பிறகு சேர்ந்து உட்கார்ந்து கேட்கலாம்.