ஸ்டெல்லாவைக் கொன்றது விதியா?

பழைய கிரேக்கப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் 'குடும்பப் பாங்கு' என்று உருகுகிறார்கள். எனக்கு அந்த உருக்கம் வருவதில்லை. உள்நாட்டுப் போர் 1949இல் முடிந்து, தோற்ற இடதுசாரிகள் சிறைகளிலும் தீவு முகாம்களிலும் அடைபட்டுக் கிடந்த காலம் அது. அந்த ரத்தத்தைப் பற்றித் திரையில் அநேகமாக மூச்சே இல்லை. திரை நிறைய வீடு, கல்யாணம், சீதனம். இந்தக் குடும்பம் யார் முதுகில் நிற்கிறது?

சிரிக்க வைத்த படங்களையே முதலில் எடுத்துக்கொள்வோம். சக்கெல்லாரியோஸ் 1954இல் எடுத்த 'முப்பத்தொன்பது வயதுக் குமரி'யில், சகோதரிக்கு மாப்பிள்ளை கிடைக்காதவரை சகோதரனுக்குக் கல்யாணம் இல்லை. அவளைத் தள்ளிவிட அலைகிற அலைச்சல்தான் நகைச்சுவை. அவர் 1959இல் எடுத்த படத்தின் தலைப்பே, அடி சொர்க்கத்திலிருந்து வந்தது என்கிற பழமொழி. பணக்கார வீட்டுப் பெண்ணை வாத்தியார் அறைகிறார். பழிவாங்கக் கிளம்பியவள் அவர்மேலேயே காதலாகிறாள். அறைந்த கைக்கே மாலை! கொட்டகை சிரித்தது.

ட்சவெல்லாஸ் 1965இல் எடுத்த படத்தின் தலைப்பு, மனைவி கணவனுக்கு அஞ்சி நடக்கட்டும் என்கிற கல்யாணப் பூசை வாசகம். அந்த வாசகம் வரும்போது மணப்பெண் மாப்பிள்ளையின் காலை மிதிப்பது அங்கே வழக்கம். பத்து வருஷம் தாலி மாதிரி எதுவும் இல்லாமல் ஒருவனுக்கு வேலைக்காரியாய் உழைத்தவள், முறைப்படி மனைவியானதும் நிமிர்ந்து பேசுகிறாள். நல்ல படம்தான். ஆனால் அவள் வாய் திறக்க அந்தச் சடங்கு தேவைப்படுகிறதே, அது ஏன்? உழைப்புக்கு இல்லாத மரியாதை மோதிரத்துக்கு எங்கிருந்து வருது?

மைக்கேல் காக்கோயானிஸின் 'ஸ்டெல்லா' (1955) இந்த இடத்தில்தான் உடைக்கிறது. மெலினா மெர்கூரிக்கு அது முதல் படம். ஸ்டெல்லா மதுக்கடையில் பாடுகிறவள். பணக்கார வீட்டுப் பையன் கல்யாணம் என்கிறான், வேண்டாம் என்கிறாள். கால்பந்து ஆட்டக்காரன் மில்டோஸ் மீது உயிரையே வைத்திருக்கிறாள்; ஆனால் கல்யாண நாளில் தேவாலயத்துக்குப் போகவில்லை. மாப்பிள்ளையும் சனமும் காத்துக் கிடக்க, அவள் தெருவில் நடக்கிறாள். விடியலில் மில்டோஸ் கத்தியோடு நிற்கிறான். தெரிந்தே அவனை நோக்கிப் போகிறாள். குத்தியவனே அவளை அணைத்துக்கொள்கிறான்.

இதைப் பண்டைய துன்பியல் என்றும் விதி என்றும் படிக்கிறார்கள். நான் மறுக்கிறேன். விதிக்குக் கையும் இல்லை, கத்தியும் இல்லை. ஓடியிருக்கலாமே என்று கேட்கலாம். எங்கே ஓடுவது? ஒருத்தனை நேசிக்கலாம், ஆனால் அவனுக்குச் சொத்தாக மாட்டேன் என்கிறவளுக்கு அந்தத் தெருவில் இடமே ஒதுக்கப்படவில்லை. மில்டோஸ் தன் கோபத்தால் மட்டும் குத்தவில்லை. தேவாலய வாசலில் காத்துநின்ற அத்தனை பேரின் 'மானமும்' அவன் கையில் இருக்கிறது. மானம் என்ற பெயரில் நடக்கிற கொலைக்கு விளக்கம் நமக்கு வேண்டியதில்லை.

படத்தின் பலவீனமும் அங்கேதான். கடைசி அணைப்பு கொலையைக் காதலாக்கிவிடுகிறது. செத்தவளுக்கு அழவேண்டிய கண்ணீரில் பாதியைக் கொன்றவன் வாங்கிக்கொள்கிறான்.

கணவனே குடும்பத் தலைவன் என்ற விதியும், சீதனமும் கிரேக்கச் சட்டத்திலிருந்து 1983இல்தான் நீங்கின. 'ஸ்டெல்லா' வந்து இருபத்தெட்டு வருஷம் கழித்து. அதுவரை கொட்டகைகளில் சுபம் போட்ட படங்கள் எல்லாம் அந்தச் சட்டத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவைதாம். இந்தப் படங்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பாருங்கள். சிரிக்கிற இடத்தில் யாருக்கு அடி விழுகிறது என்று சேர்த்துப் பாருங்கள்.