பழைய சர்வர், புதிய பெட்டி: ரியர் கைகொடுக்குமா?

பல வருடம் ஓடிய சர்வரின் மதர்போர்டு போய்விட்டால், அதே மாடலைத் தேடிப் பிடிப்பது நடக்காத காரியம். கடையில் இருப்பதைத்தான் வாங்கியாக வேண்டும். சிப்செட், டிஸ்க் கன்ட்ரோலர், நெட்வொர்க் கார்டு எல்லாமே வேறாக இருக்கும். பேக்கப் பத்திரமாக இருந்தாலும், பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டம் புதுப் பெட்டியில் பூட் ஆகுமா?

லினக்ஸ்காரர்களுக்கு இதற்கென்றே ஓர் இலவசக் கருவி இருக்கிறது: ரிலாக்ஸ் அண்டு ரெக்கவர், சுருக்கமாக ரியர். 2006இல் தொடங்கிய திட்டம். முழுக்க பாஷ் ஸ்கிரிப்டில் எழுதியது. ரெட் ஹேட் லினக்ஸுடன் அதுவும் வருகிறது. விண்டோஸ் சர்வர் வைத்திருப்பவர்கள் வேறு வழி பார்க்க வேண்டும்.

சாட்டா டிஸ்கில் ஓடிக்கொண்டிருந்த அல்மாலினக்ஸை, என்விஎம்இ டிஸ்க் உள்ள புதிய பெட்டிக்கு இதை வைத்து மாற்றிப் பார்த்தேன். டிஸ்கை அப்படியே குளோன் செய்தால் இந்த இடத்தில்தான் சிக்கும். ரெட் ஹேட் வகை லினக்ஸில் பூட்டுக்கான இனிட்ராம்எஃப்எஸ், அந்தந்த மெஷினுக்கு வேண்டிய டிரைவர்களோடு மட்டும் உருவாகிறது. வேறு கன்ட்ரோலரைக் கண்டால் ரூட் பார்ட்டிஷனைக் காணவில்லை என்று நின்றுவிடும்.

ரியர் டிஸ்கை நகலெடுப்பதில்லை. வீட்டின் பிளானைத் தனியாகவும் சாமான்களைத் தனியாகவும் எடுத்து வைப்பதுபோல, பார்ட்டிஷன் அமைப்பை ஒரு கோப்பில் எழுதிக்கொள்கிறது. ஃபைல்களை டார் செய்து என்எஃப்எஸ் சர்வருக்கோ யுஎஸ்பி டிஸ்குக்கோ அனுப்புகிறது. கூடவே பூட் ஆகும் ஐஎஸ்ஓ ஒன்றையும் தருகிறது. மீட்கும்போது பழைய டிஸ்க் இல்லை என்று தெரிந்ததும், அதற்குப் பதில் எது என்று உங்களிடம் கேட்கும். பதில் சொன்னால் பார்ட்டிஷன் போட்டு, ஃபைல்களை இறக்கி, புதிய டிரைவர்களோடு இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்கி, பூட்லோடரையும் எழுதிவிடுகிறது. கருப்புத் திரையில் எழுத்து மட்டும்தான் ஓடும். ஆனால் கேள்விகள் தெளிவாக இருக்கின்றன.

டிஸ்கைவிட நெட்வொர்க்தான் அதிகம் படுத்தும். புதிய கார்டுக்கு மேக் முகவரி மட்டுமல்ல, இன்டர்ஃபேஸ் பெயரும் வேறு. எந்தப் பழைய கார்டுக்கு எந்தப் புதியது என்று ரியர் கேட்கத்தான் செய்கிறது. அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். ரீபூட்டுக்கு முன் மீட்ட சிஸ்டம் முழுவதும் எம்என்டி லோக்கலில் மவுன்ட் ஆகித்தான் இருக்கும். உள்ளே போய் ஐபி அமைப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தொலைவில் இருக்கும் டேட்டா சென்டர் என்றால் இதைத் தவறவிடவே கூடாது.

குறைகளும் உண்டு. பயாஸில் ஓடியதை யுஇஎஃப்ஐ மட்டுமே உள்ள பெட்டிக்குக் கொண்டுபோவது சுலபமில்லை. அதை ரியர் தானாக முடித்துத் தராது. பெரிய டிஸ்க் போட்டாலும் எல்விஎம் வால்யூம்கள் பழைய அளவிலேயே நிற்கும், நீங்கள்தான் நீட்ட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை டார் செய்தால் அரைகுறையாக வரலாம் என்பதால் தனி டம்ப் அவசியம். மெஷினோடு பூட்டிய லைசென்ஸ் உள்ள சாஃப்ட்வேர் என்றால், கம்பெனிக்கு போன் போட வேண்டியதுதான்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. ரெஸ்க்யூ ஐஎஸ்ஓவில் இருப்பது உங்கள் சர்வரின் அதே கெர்னல். கெர்னல் பழசாகவும் பெட்டி மிகப் புதிதாகவும் இருந்தால், டிஸ்க்கே கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அப்போது எவ்வளவு நல்ல பேக்கப்பாலும் பிரயோஜனமில்லை.

காசில்லாமல் கிடைப்பதில், வேறு ஹார்டுவேருக்கு மாறும் லினக்ஸ் சர்வருக்கு என் முதல் தேர்வு இதுதான். கமாண்ட் லைன் பழகாதவர் கையில் மட்டும் கொடுக்க வேண்டாம். பேக்கப் எடுக்காமல் ரெஸ்க்யூ ஐஎஸ்ஓவை மட்டும் உருவாக்கவும் இதில் ஒரு கமாண்ட் உண்டு. இந்த வாரமே அதைச் செய்து, மாற்றாக வைத்திருக்கும் மெஷினில் பூட் செய்து, டிஸ்க்கும் நெட்வொர்க்கும் தெரிகிறதா என்று பாருங்கள்.